மூக்கு அண்ணன் மோந்து சொன்னது

அந்தக் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர்வரை எல்லோருக்கும் அவர் மூக்கு அண்ணன். பார்வைக்கு அப்படியொன்றும் எடுப்பான மூக்கு இல்லை. கொஞ்சம் சப்பை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை.

தரை துடைக்கிற திரவம், கழிப்பறை கழுவுகிற ஆசிட், துணிக்குப் போடுகிற ப்ளீச் என்று வீட்டைச் சுத்தம் செய்கிற சாமான்கள் தயாராகிற இடம் அது. அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் பெரிய பெரிய பிளாஸ்டிக் கேன்களில் வந்து பின்பக்கத்து ஷெட்டில் அடுக்கடுக்காக நிற்கும். கூரை ஒழுகி லேபிள் ஊறி உரிந்துபோகும். இல்லாவிட்டால், ஒரு கேனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய ஆள் லேபிள் ஒட்ட மறந்திருப்பான். அப்போதெல்லாம் யாரும் பதறமாட்டார்கள். "மூக்கு அண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். அவர் வருவார். மூடியைத் திருகுவார். கேனின் வாயிலிருந்து காற்றைக் கையால் தன் பக்கம் விசிறி இழுத்துவிட்டு, ஒரு கணம் கண்ணை மூடுவார். "இது எலுமிச்சை எசன்ஸ். புதுச் சரக்கு இல்ல, பழசு" என்பார். சொன்னது சொன்னபடியே இருக்கும்.

மூட்டை தூக்க வந்தவரை ஸ்டோர் பொறுப்பாளராக்கியது அந்த மூக்குதான். வெளியாட்கள் யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் மேனேஜரே அவர் தோளில் கை போட்டு, "எங்க லேப் இவர்தான் சார்" என்பார். அன்றைக்கெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவாது.

அவருடைய மனைவி அதே கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். அவர் எல்லோருக்கும் அண்ணன் என்பதால் இவள் எல்லோருக்கும் அண்ணி. இவளைவிட மூத்த பெண்கள்கூட வாய் நிறைய அண்ணி என்றே கூப்பிட்டார்கள். கூடப்பிறந்த தங்கைக்கு மட்டும் அவள் அக்கா. தங்கை கலவைப் பிரிவில் வேலை செய்தாள். சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டது அண்ணிதான்.

தங்கை ரொம்பக் கறார். கண்ணாடி, முழங்கைவரை கையுறை, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த மாஸ்க், எல்லாம் மாட்டாமல் கலவைத் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். "கல்யாணப் பொண்ணு அலங்காரம் முடிஞ்சு கிளம்பிட்டா, வழி விடுங்க" என்று மூக்கு அண்ணன் கேலி செய்வார்.

"சிரிங்க மாமா, சிரிங்க. உங்க மூக்குக்குக் கம்பெனியே காவல். என் மூக்கை நான்தானே பாத்துக்கணும்?" என்று அவளும் விடமாட்டாள்.

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பொங்கினா அணைச்சுடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அண்ணி பின்பக்கம் துணி அலசப் போனாள். சின்ன வீடு. சமையல் மேடைக்கும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு தடுப்புகூடக் கிடையாது. அலசி முடித்து வாளியோடு படியேறும்போதே அவள் முகத்தில் அறைந்தது கேஸ் நாற்றம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பையும் சிலிண்டரையும் மூடினாள். ஜன்னல்களை அடித்துத் திறந்தாள். "ஸ்விட்ச்சு கிட்ட கையைக் கொண்டுபோகாதீங்க!" என்று கத்தினாள். அவர் எதையும் தொடவில்லை. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

"என்னங்க இது? வீடே நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"பேப்பர்ல ஏதோ ஒண்ணைப் படிச்சுட்டு இருந்தேன்..."

"அடுத்த தெருவுல பினாயில் மூடியைத் திறந்தா இங்கேர்ந்தே சொல்ற ஆளு நீங்க. கைக்கெட்டுற தூரத்துல கேஸ் வர்றது தெரியாம அப்படி என்ன படிப்பு?"

"அதான் அணைச்சுட்டியே, விடேன்."

விட்டாள். ஆனால் மனசு விடவில்லை. தரையைத் துடைக்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் தெருமுனையிலேயே இன்றைக்கு என்ன சமையல் என்று கண்டுபிடித்துவிட்டு உள்ளே வருவார். இப்போது தட்டு வந்த பிறகுதான் எட்டிப் பார்க்கிறார். மழையில் சரியாகக் காயாமல் முடை நாற்றம் அடித்த சட்டையை ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுக்கொண்டு போனார். வயசாக ஆக மனுஷனுக்குக் குற்றம் கண்டுபிடிக்கிற புத்தி குறைந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் போய், விளையாட்டுப்போல ஒரு கையால் அவர் கண்ணைப் பொத்தினாள். இன்னொரு கையால் மூடி திறந்த காபித்தூள் டப்பாவை மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

முதலில் சிரித்தார். பிறகு முகர்ந்தார். மறுபடியும், நெஞ்சு விம்மும்படி ஆழமாக இழுத்தார். அவள் உள்ளங்கைக்குள் அவருடைய இமைகள் படபடத்தன.

"சோப்பு" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை ஈரமாகிவிட்டது.

டப்பாவை மேடையில் வைத்துவிட்டு அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். "எப்போலேர்ந்து?"

"மழைக்காலத்துல ஒரு சளி பிடிச்சுதே, ஞாபகம் இருக்கா? சளி போச்சு. கூடவே இதுவும் போயிடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடியே மங்கிக்கிட்டுத்தான் வந்துச்சு. நான்தான் ஒத்துக்கல. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன்."

"அப்ப கம்பெனியில எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அவர் சொன்னார். கேனை ஆட்டினால் கெட்டியான சரக்கு ஒரு மாதிரி சத்தம் போடும், தண்ணீர்போல இருப்பது வேறு மாதிரி. தூக்கும்போது கனம் தெரியும். ஓரத்தில் வழிந்து காய்ந்த கறையின் நிறம் ஒன்று சொல்லும். லாரி டிரைவரிடம் பேச்சுவாக்கில் வாயைக் கிண்டினால் மிச்சமும் வந்துவிடும். "மோந்து பாக்கிறது வெறும் கண்துடைப்பு" என்று சொல்லிவிட்டு அவரே கசப்பாகச் சிரித்தார்.

இவ்வளவு நாள் தனியாக இதைச் சுமந்துகொண்டு திரிந்தாரே என்று ஒரு பக்கம் அண்ணிக்கு மனசு இளகியது. இன்னொரு பக்கம் பயம் பிடித்தது. "நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்றேன்."

"எப்போ?"

"சமயம் பாத்துச் சொல்றேன்மா. மூக்கு இல்லாத மூக்கு அண்ணனை வெச்சுக்கிட்டு அவங்க என்ன செய்வாங்க? கம்பெனியே சிரிப்பாச் சிரிக்கும். இத்தனை வருஷம் எல்லாரும் என்னை நிமிர்ந்து பாத்தது இந்த ஒண்ணுக்காகத்தானே?"

"தொட்டிகிட்ட நிக்கிறது என் தங்கச்சிங்க."

"எனக்கு அவ பொண்ணு மாதிரி. அவளுக்கு ஒண்ணு ஆக விடுவேனா? சந்தேகமா இருந்தா எதையும் எடுத்துக் குடுக்கமாட்டேன். உன்மேல சத்தியம்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத."

சரி என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அன்றிலிருந்து அண்ணிக்குப் பிழைப்பு பிழைப்பாக இல்லை. பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கும்போது ஷெட் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும், "சொன்னீங்களா?" என்பாள். மேனேஜர் ஊரில் இல்லை என்பார். இன்றைக்கு அவர் முகமே சரியில்லை என்பார். ஒரு நாள் எரிச்சலோடு, "நீ ஒருத்தி போதும், என்னை நிம்மதியா இருக்க விடமாட்டே" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

தங்கையிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு மதியம் வாய்வரை வந்துவிட்டது. இருவரும் கேன்டீன் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

எதிர்ப் பெஞ்சில் மூக்கு அண்ணன் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எதையோ சொல்ல, அந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் இவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது, அல்லது இருந்ததாக அவளுக்குப் பட்டது.

"ஒண்ணுமில்ல. உப்பு கம்மியா இருக்கு, அதான்" என்றாள் அண்ணி.

அடுத்த நாள் காலையில்தான் அது நடந்தது. ஷெட்டில் நடந்ததை அண்ணி கண்ணால் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் துண்டு துண்டாகக் கேட்டு அவளே கோர்த்துக்கொண்டாள்.

முந்தின இரவு பெய்த மழையில் கூரை ஒழுகி, ஒரு வரிசைக் கேன்களின் லேபிள்கள் மொத்தமாக உரிந்து தரைத் தண்ணீரில் மிதந்தன. அந்த வரிசையில் காஸ்டிக் சோடா கரைசலும் இருந்தது, நீர்த்த ஆசிட்டும் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். இரண்டும் தண்ணீர்போல நிறமில்லாதவை. இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இடம் இல்லை என்று வைத்திருந்தார்கள். தொட்டியில் ப்ளீச் தயாராக இருந்தது. அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் சேர்த்தால்தான் சரக்கு நாள்பட நிற்கும். ஆசிட் பட்டாலோ விஷப்புகை கிளம்பும்.

தங்கை ஷெட்டுக்கு வந்து, "மாமா, இதுல காஸ்டிக் எது?" என்று கேட்டாள்.

அவர் ஒரு கேனை ஆட்டிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம். பக்கத்துக் கேனை ஆட்டினார். அதே சத்தம். மூடியைத் திறந்து வழக்கம்போலக் காற்றை விசிறி இழுத்தார். காஸ்டிக்குக்கு வாசனை கிடையாது. ஆசிட் என்றால் நீர்த்திருந்தாலும் நல்ல மூக்குக்கு ஒரு காரம் ஏறும். அவருக்கு எதுவும் ஏறவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"இதுதான் காஸ்டிக்."

"நிச்சயமா மாமா?"

"என்னைக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன்? எடுத்துட்டுப் போ."

பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "சந்தேகம் இருந்துச்சுமா. இருந்தது நிஜம். அவ நிச்சயமான்னு கேட்டதும் வாய் முந்திக்கிச்சு."

தங்கை ஒரு குடுவை ஊற்றினாள். தொட்டி சீறியது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை விளிம்பைத் தாண்டி வழிந்தது. அவள் குடுவையை நிமிர்த்திக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் வெளிய! வெளிய போங்க!" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

பாக்கிங் பிரிவில் மணி அடித்தது. அண்ணி மற்றவர்களோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து எல்லோரையும் வாசல் கேட் ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தார் மேனேஜர். கலவைப் பிரிவு ஆட்கள் கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கை கடைசியாக வந்து மாஸ்க்கைக் கழற்றினாள். அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றும்போனது.

"மாமா எங்கடி?"

"தொட்டி சீறுற சத்தம் கேட்டு ஷெட்டுலேர்ந்து உள்ள வந்தாரு. கத்தினேன், கேக்கல. காஸ்டிக்தானே, சூடாகும், அவ்வளவுதான்னு சொல்லிக்கிட்டுத் தொட்டியைப் பாக்கப் போனாரு. அவருக்குத் தெரியாத நாத்தமா? தானா வந்துடுவாரு."

அண்ணி ஓடினாள். கேன் அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவர் குறுக்கே விழுந்து அவளை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். "மாஸ்க் இல்லாம போகக் கூடாது அண்ணி. நீங்களும் விழுந்துடுவீங்க."

"விடு என்னை! அவருக்குத் தெரியாது. அவருக்கு வாசனையே தெரியாது! மூக்கு போயி எத்தனையோ நாளாச்சு!"

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு மாஸ்க்கை இழுத்து மாட்டி, ஓரத்தை இறுக்கிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். சுவரில் யாரும் சீந்தாமல் தொங்கிய இன்னொரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு டிரைவரும் பின்னாலேயே போனார்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவள் தலையைத் தங்கள் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவரை அக்குளில் கை கொடுத்து இருவரும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். முகம் செக்கச்செவேலென்று வீங்கி, இருமல் விடாமல் ஆளை உலுக்கியது. கேட் ஓரத்துக் குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணைத் திறந்து பிடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சட்டையைக் கழற்றி எறிந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஊற்றியது ஒரு குடுவைதான், ஷட்டரும் முழுக்கத் திறந்திருந்தது. இல்லாவிட்டால் போன இருவரும்கூடத் திரும்பியிருக்கமாட்டார்கள் என்று பிறகு மேனேஜர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அண்ணி வெளியே வந்தாள். தங்கை தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைச் சுற்றி மாஸ்க் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"நேத்து கேன்டீன்ல எம் பக்கத்துலதானே உக்காந்திருந்தே. அப்பவும் தெரியும்?"

உப்பு கம்மி என்று சொன்ன தன் குரல் அண்ணிக்கே காதில் கேட்டது. தங்கை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் தேறி வந்தார். குரல் மட்டும் கரகரவென்றே நின்றுவிட்டது. மூக்கைச் சோதித்த டாக்டர், வருஷக்கணக்காகக் கேன்களைத் திறந்து முகர்ந்ததும் காரணமாக இருக்கலாம், அந்தச் சளியும் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்றார். பயிற்சி செய்தால் கொஞ்சம் திரும்பலாம். வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவர் ஸ்டோருக்குப் போகவில்லை. நேராகக் கலவைப் பிரிவுக்குப் போய், எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். பாக்கிங் பெண்களோடு அண்ணியும் வந்து ஓரமாக நின்றாள். அவர் பேச்சு இருமலுக்கு நடுவே வந்தது.

"எனக்கு மூக்கு போயிடுச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. வெக்கத்தைக் காப்பாத்திக்கிட்டேன், உங்களை எல்லாம் பலி குடுக்கப் பாத்தேன். எம் பொண்ணு மாதிரி இருக்கிறவ கையில ஆசிட்டைக் குடுத்து ஊத்தச் சொல்லியிருக்கேன். என்னை என்ன செஞ்சாலும் தகும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பாச் சிரிக்கும் என்று அவர் இத்தனை நாள் பயந்த கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. மேனேஜர்தான் பேசினார்.

"உங்களை மட்டும் என்னத்தைச் சொல்றது? லேபிள் உரிஞ்சா மாத்தி ஒட்டணும். எதுன்னு தெரியாத கேனை ஒதுக்கி வெச்சுட்டு ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கணும். கூரையை அடைக்கணும். இது எதையும் நாங்க செய்யல. ஒரு மனுஷன் மூக்கை நம்பிக் கம்பெனி நடத்தியிருக்கோம். வர்றவங்ககிட்ட எல்லாம் அதைப் பெருமையா வேற சொல்லியிருக்கேன்."

அந்த வாரமே கூரைக்கு ஆள் வந்தது. ஆசிட்டை முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனி அறைக்கு மாற்றினார்கள். கேன்களின் மேல் காகித லேபிளோடு நிறுத்தாமல் பெயிண்டாலும் பெயரை எழுதினார்கள். ஆசிட் கேனுக்கு ஒரு நிறம், காஸ்டிக்குக்கு இன்னொன்று. எந்தக் கேனையும் யாரும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். ஸ்டோர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. மூக்கு அண்ணனுக்கு லாரிகள் வந்து போகிற கேட்டில் வேலை கொடுத்தார்கள். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் "வாங்க மூக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "பரவால்லப்பா, மூஞ்சியில இருக்குதுல்ல, அது போதும்" என்றாராம். அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவர் முகம் லேசாகத்தான் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

தங்கை மட்டும் பேசவில்லை. மாமாவைக் கேட்டில் பார்த்தால் நின்று இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அக்காவைப் பார்த்தால் வேலை விஷயம் ஒரு வார்த்தை, அதோடு சரி. வீட்டுப் பக்கம் வருவது நின்றுபோனது. அடுத்த தெருவில்தான் வீடு. அடுத்த நாட்டில் இருப்பதுபோல ஆகிவிட்டது. அண்ணி தானாகப் போய்ப் பேசவும் பயந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய்த் திறந்தாள். தங்கை நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"மாமா இருக்காரா?"

"கடைக்குப் போயிருக்காரு. வர நேரமாகும்."

"ஏணி வேணும். மாடித் தண்ணித் தொட்டியைக் கழுவணும். தண்ணியில புழு நெளியுது."

"அவர் வர்றவரைக்கும் எதுக்கு? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், வா."

இரும்பு ஏணி. ஒரு ஆளால் ஆகாது. தங்கை முன்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டாள், அண்ணி பின்பக்கத்தை. தெருவில் இறங்கி நடந்தார்கள். அண்ணிக்குத் தங்கையின் பின்னந்தலையும் அவசரமாக முடிந்த கொண்டையும் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச தூரம்வரை செருப்புச் சத்தம்தான்.

"மாமாமேல எனக்குக் கோவம் இல்லக்கா" என்றாள் தங்கை, திரும்பாமலேயே. "அவருக்கு மூக்கு போச்சு. வெக்கப்பட்டாரு. சரி. உனக்கு என்ன போச்சு?"

அண்ணி கால் தடுமாறி, சமாளித்துக்கொண்டாள்.

"அவர் மூஞ்சி அன்னைக்கு இருந்த இருப்பை நீ பாக்கல..."

"எம் மூஞ்சியை நீ தினமும் பாத்தியே."

எதிரே ஒரு சைக்கிள் வந்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கி, ஏணியைச் சரித்து வழி விட்டார்கள். சைக்கிள் போன பிறகும் கொஞ்ச நேரம் அண்ணி நடக்கவில்லை. ஏணி முன்னால் இருப்பவளையும் நிறுத்தியது.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள் அண்ணி. "அவர்கிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காம நானே போய்ச் சொல்லியிருக்கணும். உன் பக்கத்துல உக்காந்தும் சொல்லாம விட்டேன். அதுக்கு எங்கிட்ட எந்தச் சமாதானமும் இல்லடி. உன்னை உள்ள போக விட்டுட்டு வெளிய நின்ன அந்த நேரத்துல, ரெண்டு பேரையும் நானே அனுப்பிட்டேன்னுதான் நெனச்சேன்."

தங்கையின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளா, ஏணியின் கனமா என்று தெரியவில்லை.

"எனக்குத் திட்டக்கூட வரலக்கா. உன்னைத் திட்டி எனக்குப் பழக்கமே இல்ல. அதான் பேசாம இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் கொஞ்ச நாளாகும் எனக்கு."

"ஆகட்டும். நான் எங்க போகப்போறேன்?"

"இனிமே ஏதாவது ஒண்ணுன்னா முதல்ல எங்கிட்ட சொல்லிடு. அது யார் விஷயமா இருந்தாலும் சரி."

"சொல்றேன்."

"வளைவு வருது. நீ சுவத்துப் பக்கம் தள்ளி வா, இடிச்சுக்கப் போறே."

தெருமுனையில் ஏணியை மெல்லத் திருப்பினார்கள். தங்கை வீட்டு மாடிக்குப் போய்த் தொட்டியின் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். தங்கை பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு முதல் படியில் கால் வைத்தாள். ஏணி ஆடியது. அப்போதுதான் அவள் முதல்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்க. முடிச்சு இறங்குறவரைக்கும் விடாத. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போ."

அண்ணி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.